பிஸ்கட் டின் சட்டை போட்ட பாய்லர்

ஏப்ரல் 11, செவ்வாய்

இன்று ‘மகாராணி’ முழு உருவம் பெற்றாள். நீளம் மூன்றடி. உலகில் எந்த ரயில்வே கம்பெனியும் இப்படி ஒரு நீராவி எஞ்சினைக் கட்டியதில்லை. கட்டியிருந்தால் திவாலாகியிருக்கும். பாய்லர், அடுத்த தெருவில் இடித்த வீட்டின் செம்பு வெந்நீர்த் தொட்டி. புகைபோக்கி, பித்தளைக் கட்டிலின் கால். விசில், செத்துப்போன காபி மெஷினின் மூக்கு. பாய்லருக்கு பிஸ்கட் டின்னை வெட்டிச் சட்டை தைத்து, பச்சை வர்ணமும் அடித்துவிட்டேன். அழகு தாங்காமல் பக்கத்து வீட்டுப் பூனை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

அக்கா மகள் ஹெஸ்டர் வந்தாள். எங்கள் குட்டி ரயில் எஞ்சின் சங்கத்தின் செயலாளர் என்ற மிதப்பு.

“மாமா, ஞாபகம் இருக்கா? ஜூன் நாலாம் தேதி ஓட்டத்துல பத்து வருஷம் சொந்த எஞ்சின் ஓட்டாதவங்க பேரை அடிச்சிடுவோம். உங்களுக்கு இது பத்தாவது.”

ஞாபகம் இல்லாமல் என்ன? சோம்பேறிகளை விரட்ட அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தானே.

ஏப்ரல் 29, சனி

பாய்லர் சோதனை. இதில் தேறி முத்திரை வாங்காத எஞ்சின் ஓட்டத்தில் ஓடக்கூடாது. தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினால், அழுத்தமானி முள் இருபது நிமிடம் அசையக்கூடாது. பரிசோதகர் நெவில் ஸ்டாக்ஸ். சிரித்தால் அபராதம் என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவிட்டார்கள்.

“சட்டையக் கழட்டுங்க, ஆம்புரோஸ். டெஸ்ட்டுக்கு வெறும் பாய்லர்தான் வரணும்.”

“அவ ராணி. கண்டவங்க முன்னாடி கழட்டமாட்டா.”

சங்கக் கொட்டகையே சிரித்தது. எட்டாவது நிமிடத்தில் முள் இறங்கியது.

“ஃபெயில்.”

“எங்கய்யா ஒழுகுது? காட்டுங்க!”

“கழட்டுங்க, காட்டுறேன்.”

தைத்த சட்டையைக் கழற்றினால் வர்ணம் உரிந்துவிடும். முடியாது.

மே 13, சனி

வெளியே தெரியும் இணைப்பையெல்லாம் முறுக்கிவிட்டுப் போனேன். மறுபடி ஃபெயில். ஒரு சொட்டு ஈரம் இல்லை! பின்னே தண்ணீர் எங்கே போகிறது — சொர்க்கத்துக்கா?

பம்ப். அந்த ஆளுடைய பம்ப்.

மே 20, சனி

வரலாற்று நாள். சங்கத்தார் பதினான்கு பேர் பார்க்க, நெவிலின் பம்பிலிருந்து பாய்லரைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயில் ஒரு பித்தளைக் கட்டையைத் திருகி அடைத்தேன். அழுத்தம் ஏற்றினேன். முள் இறங்கியது! பாய்லரே இல்லை, ஆனாலும் ஒழுகுகிறது! ஒரு சாம்ராஜ்யம் சரிவதற்குத் தேவையான நீளத்துக்குச் சொற்பொழிவாற்றினேன்.

நெவில் கண்ணாடியைத் துடைத்தார். “இருபத்திரண்டு வருஷமா இந்த பம்ப்தான்,” என்றார். பரிசோதகர் முத்திரையை மேசையில் வைத்தார். டீயைக் குடிக்காமல் போனார்.

அங்கேயே என்னைப் பரிசோதகராகத் தேர்ந்தெடுத்தார்கள். கைதட்டலில் கூரைத் தகரம் பறந்து லங்காஷயர் மாவட்டத்தில் விழுந்தது.

மே 21, ஞாயிறு

ஹெஸ்டர் போன் செய்தாள். “வாழ்த்துகள் மாமா. ஒண்ணு சொல்லட்டுமா? பரிசோதகர் தன் பாய்லருக்குத் தானே முத்திரை போடக்கூடாது.”

“பக்கத்து ஊர்ப் பரிசோதகரைக் கூப்பிடு.”

“ஸ்பெயின்ல இருக்கார். ஜூன் ஓட்டம் முடிஞ்சுதான் வருவார்.”

இதை நேற்று சொல்லக்கூடாதா? சிரிக்கிற சத்தம் வேறு.

மே 24, புதன்

ராஜினாமா. நான்கு நாள் ஆட்சி.

மே 27, சனி

நெவில் வீட்டுக் கதவைத் தட்டினேன். முத்திரையைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர எல்லாச் சொல்லையும் சொன்னேன்.

“பம்ப்புக்கு வால்வு மாத்திட்டேன்,” என்றார். “புதன்கிழமை வாங்க. சட்டையில்லாம.”

உள்ளே கூப்பிடவில்லை. நானாயிருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

மே 31, புதன்

சட்டையை உரித்தேன். வர்ணம் போச்சு. முதலில் பித்தளைக் கட்டையை வைத்துத் தன் பம்பையே சோதித்துக் காட்டினார். இருபது நிமிடம், முள் கல்லாய் நின்றது. பிறகு மகாராணி.

மெதுவாக இறங்கியது. அடுப்புப் பெட்டியின் மூலையில், சட்டை மறைத்திருந்த இடத்தில், ஒரு சொட்டு. துடைத்தேன். மறுபடி வந்தது.

அட கடவுளே... அப்போ ரெண்டு தடவையும் அந்த ஓட்டை பம்ப் சரியாத்தான் சொல்லியிருக்கு. அந்த மனுஷன் சொன்ன மாதிரி முதல் நாளே கழட்டியிருந்தா ஒரு மாசம் இருந்துச்சே! இப்ப எல்லாத்தையும் பிரிக்கணும். நாலு நாள்ல எங்க முடியும்?

நெவில் குனிந்தார். சொட்டு வந்த இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜூன் 4, ஞாயிறு

ஹெஸ்டர் பதிவேட்டில் என் பெயரை அடித்தாள். ரூலர் வைத்து அடித்தாள், நேராக. பார்வையாளர் வரிசையில் நின்று, ஒரு பவுண்டு கொடுத்துச் சீட்டு வாங்கி, நெவிலின் எஞ்சின் இழுக்கும் பலகை இருக்கைகளில் கடைசியில் உட்கார்ந்தேன்.

நெவில் திரும்பிப் பார்த்தார். “காலை உள்ள வச்சுக்கங்க சார். வண்டி சின்னது.”

மூன்று சுற்று சுற்றினோம். சீட்டு ஒரு சுற்றுக்குத்தான்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்: வண்டி நன்றாக ஓடுகிறது.