தனியா குளிப்பீங்களா?

விருத்தாசலம்
12.8.2004

அன்புள்ள கனிமொழிக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் விட்டுதா? தென்காசியில சாரல் நின்னுச்சா?

இங்கே பீங்கான் வேலையிலேருந்து ஓய்வு பெத்தவங்களைக் கணக்கெடுக்க வீடு வீடாப் போறோம். வயசானவங்க இன்னும் வாழப்போற வருஷத்துல, அடுத்தவங்க துணை தேவைப்படுற காலத்தைக் கழிச்சா மிச்சம் நல்ல ஆயுசு. அதான் எங்க கணக்கு.

நேத்து சுப்புராயன் ஐயாகிட்ட, "தனியா குளிப்பீங்களா?"ன்னு கேட்டேன். "ஒருநாளும் இல்லீங்க"ன்னாரு. துணை தேவைன்னு குறிச்சுட்டேன். அவர் வூட்டம்மா சொர்ணாம்பாள் சிரிச்சுட்டாங்க.

"அவருக்கு என்னா, சந்தைக்கு சைக்கிள்லதான் போயிட்டு வராரு. நான் முதுகு தேய்ச்சு வுடலன்னா குளிச்ச மாதிரியே இல்லேம்பாருங்க."

உடனே அடிச்சுத் திருத்தினேன்.

தபால் எடுக்கிற நேரமாச்சு. சீயக்காய்ப்பொடி தீர்ந்துபோச்சு, கொஞ்சம் அனுப்பு. இங்கே நான் தனியாத்தான் குளிக்கிறேன். எங்க கணக்குப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன்
பிரபாகரன்