கை ஊன்றாமல் எழுந்த கதை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். பி.பி. மாத்திரை போட்டாச்சு. வேன் லேட்.

சமுதாயக் கூடத்தில் இன்று நாற்காலிப் பயிற்சி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க வேண்டும். திரும்ப மெதுவாக உட்கார வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. எங்களைப் போலத் தள்ளாதவர்களுக்கென்றே நடத்தும் வகுப்பு. பிசியோ பெண் நிவேதா பக்கத்திலேயே நிற்கிறாள், சாய்ந்தால் பிடிக்க. நல்ல பெண்தான். ஆனால் வாய்க்கு வாய் 'பாட்டிம்மா'. கல்யாணமே ஆகாதவள் நான், பேரப்பிள்ளைகள் எங்கிருந்து குதித்தார்கள்?

இரண்டு தடவை எழுந்துவிட்டேன்! அப்புறம் தொடை நடுக்கம்.

வேன் டிரைவர் கொண்டுவந்து விட்டு, வெளியே கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார். மார்கழியில் பாத்ரூமில் விழுந்ததிலிருந்து இப்படித்தான். தம்பி மகன் செந்தில் தட்டாஞ்சாவடி பட்டறைக்கு, அவன் பெண்டாட்டி கவிதா துணிக்கடைக்கு. ஆளுக்கு ஒரு சாவி. டிரைவரிடம்கூட ஒன்று. எனக்குத்தான் இல்லை. டெலிபோன் ஆபீஸில் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், மத்தியானம் கறிவேப்பிலை வேண்டுமென்றால் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

மேகம். மழை இல்லை. வகுப்பில் சொல்தா அந்துவான் பக்கத்து நாற்காலி. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர், அதனால்தான் 'சொல்தா' பட்டம். குசுகுசுவென்று ஒரு யோசனை சொன்னார்:

"திங்கக்கெழமை டெஸ்ட்டு மதாம். நல்லா செஞ்சுடாதீங்க. தேறிட்டீங்கன்னா, இனிமே வூட்லயே செய்ங்கன்னு அனுப்பிடுவாங்க. நான் ஒவ்வொரு வாட்டியும் கைய ஊனித்தான் எழுந்துக்கறேன்."

சிரிப்பு வேறு. பட்டாளத்துக்காரருக்குப் போன புத்தியைப் பார்!

சாயங்காலம் செந்திலிடம் மறுபடி சாவி கேட்டேன். "மொதல்ல கைய ஊனாம எழுந்து காட்டு அத்தே. அப்புறம் குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்? டெஸ்ட்டுக்கு நானே லீவு போட்டுட்டு வரேன்."

சாவி வந்ததும்: மணிக்கூண்டு மார்க்கெட். முருங்கைக்கீரை (கவிதா வாங்குவதெல்லாம் முற்றல்). ஜாக்கெட் தைக்க. கடையில் நின்று, யாரிடமும் சொல்லாமல் ஒரு காபி.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டில் தனியாகப் பயிற்சி. முழங்கால் வீக்கம், ஐஸ் வைத்தேன்.

கவிதா: "இந்த வயசுல எதுக்கு அத்தை இவ்ளோ வெறி?"

சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். பச்சைக் கரைப் புடவை. செந்தில் சொன்னபடியே வந்தான்.

எழுந்தேன். நின்றேன். உட்கார்ந்தேன். நிவேதா போதும் என்கிற வரைக்கும். கை மார்பை விட்டு அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். செந்தில் வீடியோ எடுத்து குரூப்பில் போட்டான். சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அந்துவான் தள்ளாடி, "மொந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு முனகி, கையை ஊன்றி எழுந்தார். என்ன ஒரு நடிப்பு!

நிவேதா: "சூப்பர் பாட்டிம்மா! இனிமே நீங்க வரவே தேவையில்ல, வீட்லயே செய்யலாம். உங்க எடத்துக்கு ஒருத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

போனால் போகிறது. சாவி வரும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேட்டேன்.

"இப்பத்தான் அத்தே பயமே. முன்ன நடக்க முடியாம இருந்த, எங்க போயிருக்கப் போற? இப்ப தெறந்து வுட்டா மெயின்ரோடு வரைக்கும் போயிடுவ. வண்டிக்காரனுங்க வர்ற வரத்தப் பாத்திருக்கியா?"

விழுவேன் என்று பூட்டினான். இப்போது நடப்பேன் என்று பூட்டுகிறான். டிரைவரிடம் இருந்த சாவியையும் வாங்கிவந்துவிட்டான்.

இவனுக்கு நடை பழக்கியவள் நான். கேட்டைப் பூட்டி வைத்தா பழக்கினேன்? ராத்திரி சாப்பிடவில்லை. கவிதா ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வீராம்பட்டினம் தேர். இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். "கூட்டம் அத்தே, இடிச்சுத் தள்ளிடுவானுங்க." குங்குமம் கொண்டுவருவார்களாம்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். கை ஊன்றவில்லை. எழுந்து கேட் வரை போனேன். திரும்பிவந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் ரசம், அப்பளம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தூறல். பத்து மணிக்கு வேன் ஹாரன். பழக்கத்தில் செருப்பை மாட்டிவிட்டேன்.

வேன் எதிர்வீட்டு சரோஜாவுக்கு. என் இடம் அவளுக்குத்தானாம். ஜன்னலிலிருந்து அந்துவான் கையாட்டினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சரோஜா சுவரைப் பிடித்துப் பிடித்து என் கேட்டுக்கு வந்தாள். "ரொம்பக் கஷ்டமா இருக்குமாக்கா?"

கம்பிக்கு உள்ளே நின்று சொன்னேன்: "கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லடி. எல்லாத்தையும் நல்லா செய். டெஸ்ட்டு அன்னிக்கு மட்டும் கைய ஊனி எழுந்திரு."