மூன்றாம் நம்பர் அறை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். மொட்டை மாடியில் போட்ட துணி மூன்றாவது நாளாக ஈரம். நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அடுத்த திங்கள், காலை 7.30. மெயிலை நான் படித்து முடிப்பதற்குள் அப்பா கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்து வந்து, ஃபிரிட்ஜ் மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் டெஸ்டரையும் வைத்தார். எலக்ட்ரீஷியன் வீட்டில் பேப்பர் வெயிட் அதுதான்.

வைஷு போனில்: "நீட் எழுதிட்டே, மார்க்கும் வந்துடுச்சு. அப்புறம் எதுக்குடி இன்டர்வியூ?" பத்தாவது முறையாக விளக்கினேன். என் மார்க்குக்கு வேறு எங்கும் இடம் இல்லை. இந்தக் காலேஜில் மட்டும், சபை பரிந்துரைக்கும் பிள்ளைகளுக்கென்று பன்னிரண்டு சீட். பாதி நீட், பாதி நேர்முகம். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் அவர்கள் சொல்லும் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்கு எங்கே புரியும்? கோச்சிங்கில் என் பக்கத்து பெஞ்சு, முதல் தடவையிலேயே அரசுக் கல்லூரி. மல்லேஸ்வரத்தில் அவள் வீட்டில் இன்னும் ஸ்வீட் தீரவில்லையாம்.

எடுத்துப் போக:
- ஒரிஜினல் எல்லாம், மூன்று செட் ஜெராக்ஸ்
- ஃபாதரின் கடிதம் (கையெழுத்து இருக்கு, சீல் இல்லை. புதன்கிழமை கேட்கணும்)
- போட்டோ 4
- கறுப்பு ஷூ. இல்லை. சித்தி பெண்ணுடையது ஒரு சைஸ் பெரிது. பஞ்சு.

சாப்பிடும்போது அப்பா: "இதுதான் கடைசி, ஜெனி. ஆகலேன்னா அனஸ்தீசியா டெக்னாலஜில சேந்துடணும். மூணாவது வருஷமும் வீட்லயே உக்காந்து படிக்க முடியாது." மயக்க மருந்து டாக்டருக்கு உதவும் வேலைக்கான படிப்பு அது. சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு வருஷமாக நீட் தவிர எதையும் செய்யாதவளிடம் இதைக்கூட அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

ஜூலை 16, புதன்

சீல் வாங்கியாகிவிட்டது. ஃபாதர் ஊரில் இல்லை, ஆபீஸ் டிராயரில் தேடி எடுக்கவே முக்கால் மணி நேரம்.

நேர்முகத்தில் கொடுக்க வேண்டிய ஃபாரத்தில் "தாயின் தொழில்" என்ற கட்டம். போன வருஷம் வேறு ஒரு ஃபாரத்தில் "ஹெல்த்கேர்" என்று போட்டிருந்தேன். இந்த வருஷம் "வார்டு ஆயா". வீரம் எல்லாம் இல்லை. ஃபாதரின் கடிதத்தில் அப்படி இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகணும்.

சாயங்காலம் வைஷுவோடு வீடியோ காலில் பயிற்சி. ஏன் டாக்டர் ஆகணும், உன் பலவீனம் என்ன, ஒரே வென்டிலேட்டர் இரண்டு நோயாளி யாருக்குக் கொடுப்பாய். பலவீனம் என்றால் "எதையும் சரியா முடிக்காம விட மாட்டேன்" என்று சொல்லணுமாம். என் பலவீனம் இயற்பியல் என்று சொன்னதற்குத் திட்டு. "தப்பு பண்ணிட்டா முழிக்காதே. வேணும்னுதான் பண்ணேன்னு மாத்திச் சொல்லு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜூலை 19, சனி

ஷூவில் பஞ்சு வைத்து வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். அப்பா: "வாத்து மாதிரி இருக்கு, ஆனா ஷூ பளபளன்னு இருக்கு."

அம்மா டூட்டி முடிந்து வந்து சுடிதாரை இரண்டு முறை அயர்ன் பண்ணினாள். அவள் சொன்ன ஒரே யோசனை: "டாக்டருங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடப் பேசாதே."

ஜூலை 21, திங்கள்

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். 

5.45க்குக் கிளம்பி மெட்ரோ, பிறகு இரண்டு பஸ். எண்பது பேர் இருப்போம். போனை வாங்கி கவரில் போட்டார்கள். நெஞ்சில் ஸ்டிக்கர். நான் 17. பெரிய ஹால், ஃபேன் சத்தம், யாரோ ஜெபமாலை உருட்டுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பையன் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம். உள்ளே போய் வந்த பெண்ணிடம் அவள் அம்மா கன்னடத்தில், "ஏனு கேளித்ரு? ஏனு கேளித்ரு?" என்ன கேட்டார்கள் என்று. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. பாத்ரூம் க்யூ, ஹாலை விட நீளம்.

முறை இப்படி. வரிசையாக நான்கு அறை. கதவில் ஒரு தாள். இரண்டு நிமிஷம் படிக்கணும். பெல். உள்ளே எட்டு நிமிஷம். பெல். பாதி வார்த்தையில் இருந்தாலும் வெளியே. அடுத்த கதவு.

அறை 1: கிராமத்தில் தடுப்பூசி வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்வாய். பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது.

அறை 2: என் கையில் ஒரு படம், எதிரில் இருப்பவர் அதைப் பார்க்காமல் நான் சொல்வதை வைத்தே வரையணும். வீடும் மரமும். அவர் வரைந்தது மாடு. அவரே சிரித்துவிட்டார்.

அறை 3. கதவில்: "உள்ளே வருபவர் வீட்டு வேலை செய்பவர். டி.பி. மாத்திரையை ஒரு மாதமாக நிறுத்திவிட்டார். நீங்கள் டாக்டர். அவரிடம் பேசுங்கள். எந்த மொழியும் சரி." உள்ளே மூலையில் மார்க் போடும் இருவர். ஒரு மேஜை, அதன் பின்னால் சுழல் நாற்காலி, பக்கத்தில் இரும்பு ஸ்டூல். இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இன்னொரு கதவு வழியாக நோயாளியாக நடிக்கும் ஒரு பெண்மணி வந்தார். என்னைப் பார்த்தார். நின்றார். மூலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக மேஜையைச் சுற்றிப் போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

"மாத்திர போட்டா தல சுத்துதும்மா. ஒண்ணுக்கு செவப்பா போவுது. வீட்டுக்காரம்மா பாத்தா வேலைய விட்டு நிறுத்திடுவாங்க."

"எத்தன வீட்ல செய்றீங்கக்கா?"

"மூணு."

"வீட்ல யாருக்கு உங்க வியாதி தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா தட்ட தனியா வெச்சிருவாங்க."

நடிப்பு என்பதே மறந்துவிட்டது. சிவப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான், ரத்தம் இல்லை என்றேன். பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை இந்த மாத்திரை கேட்காது என்றேன். தலைசுற்றலுக்கு நேரத்தை மாற்றலாமா என்று மாத்திரை கொடுக்கிற இடத்தில் கேட்கலாம், "நானும் கூட வர்றேன்" என்றேன். எந்த டாக்டர் கூட வருவார்? பெல் அடித்தது. எழுந்தபோதுதான் பார்த்தேன். மேஜை மேல், அந்த அம்மா முன்னால், ஸ்டெதாஸ்கோப். எனக்காக வைத்தது. நான் உட்கார வேண்டிய நாற்காலியில் அவர். டாக்டர் நோயாளியின் ஸ்டூலில். காது சூடாகிவிட்டது.

அறை 4: மூன்று பேர். நடுவில் ஒரு டாக்டர் மேடம், கண்ணாடி கழுத்தில் கயிற்றில். கேள்வியெல்லாம் இங்கிலீஷில். முதலில் ஏன் டாக்டர், அது இது. மூன்றாம் அறையின் மார்க் தாள் அதற்குள் அவர்கள் கைக்கு வந்திருந்தது. மேடம் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "இன்று வந்தவர்களில் நீ ஒருத்திதான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாய். ஏன்?"

 வைஷு சொன்னது காதில் கேட்டது. "வேணும்னுதான் மேடம். அவங்க பெரிய நாற்காலியில் இருந்தா பயமில்லாம பேசுவாங்கன்னு நினைச்சேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதினார். மேடம் என் ஃபாரத்தைப் புரட்டி, "உன் அம்மா வார்டில் வேலை செய்கிறார். அவரிடம் கற்றுக்கொண்டதா?"

"ஆமாம் மேடம்."

"அம்மாவிடம் நான் பாராட்டினேன் என்று சொல்."

ஜூலை 22, செவ்வாய்

வெயில். துணி காய்ந்துவிட்டது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் கதையைச் சொன்னேன், அறை 4இல் சொன்ன மாதிரியே. அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வைஷு: "செம ஆன்ஸர்டி! சீட் கன்ஃபர்ம்." இன்று அம்மா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்சார்ஜ் சிஸ்டர் அவளைக் கட்டிப்பிடித்தாராம். "மேரியக்கா வளர்ப்புன்னா வளர்ப்பு." இதைச் சொல்லும்போது அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், வெட்கம் வந்தால் அப்படித்தான்.

சோற்றை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உண்மை இதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மா டூட்டி முடியும்வரை இருப்பேன். ஆறு வயதிலிருந்து. காலி அறையில் நாற்காலி இருந்தாலும், "அது டாக்டர் சேர், பாப்பா, அதுல உக்காராதே" என்பாள் அம்மா. ஸ்டூலில் உட்காரலாம். அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். அறை 3இல் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. என் கால் தானாகப் போனது. நாற்காலியை நான் பார்க்கக்கூட இல்லை.

பொய் சொன்னது கூட சரி. அதில் அம்மாவையும் இழுத்துவிட்டேன். அவள் சொல்லித் தராத ஒன்றுக்கு அவளுக்குப் பாராட்டு.

ஜூலை 23, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது, மறுபடி தேய்த்தது. "சரி, போச்சு விடு. யாருக்குத் தெரியும்?"

நாளைக்கு சர்டிஃபிகேட் சரிபார்க்கப் போகணும், அந்த மேடமிடம் சொல்லிவிடட்டுமா என்றேன்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு வருஷம் படிச்சிருக்கே. வாயத் தொறக்காதே." பிறகு, கொஞ்சம் கழித்து, "நான் இனிமே வார்டுல சொல்லல. போதுமா?"

ஜூலை 24, வியாழன்

கவுண்டர் 1 சர்டிஃபிகேட், 2 போட்டோ, 3 உயரம் எடை, 4 ரத்தப் பிரிவு. 3க்கும் 4க்கும் நடுவில் காரிடாரில் மேடம். கையில் டீ. அம்மா முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் போனேன்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது பொய். வேணும்னு உட்காரல. பழக்கம். எங்கம்மாவும் அப்படி எதுவும் சொல்லித் தரல." ஆச்சரியமாக அவர் தமிழிலேயே பேசினார். "இப்ப ஏன் சொல்றே?"

"அம்மா எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னாங்க மேடம். கேக்க முடியல."

என்னைப் பார்த்தார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "பிளட் குரூப் குடுத்துட்டியா? சீக்கிரம் போ, மூடிடுவாங்க." அவ்வளவுதான். நான் என்ன எதிர்பார்த்தேன்? தட்டிக்கொடுப்பார் என்றா? ஆமாம், கொஞ்சம் அப்படித்தான். வெட்கமாக இருக்கிறது.

O பாசிட்டிவ்.

ஜூலை 25, வெள்ளி

மேடமிடம் சொன்னதை நேற்று ராத்திரி வீட்டில் சொன்னேன். அதிலிருந்து அம்மா பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தட்டை என் முன்னால் தள்ளினாள். அப்பா: "அரிச்சந்திரன் நம்ம வீட்லயா வந்து பொறக்கணும்?" அவர் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பட்டியல். பன்னிரண்டு பெயர். பதின்மூன்றாவது வரியில் கோடு போட்டு, காத்திருப்போர் 1: நான்.

யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் போதும். வெள்ளி மாலை ஐந்து வரை நேரம். வைஷு: "கண்டிப்பா ஒருத்தர் போவாங்க. வேற காலேஜ் கெடைச்சிருக்கும்." நான் சொன்னதால் மார்க் குறைந்ததா, மாட்டை வரைய வைத்ததால் குறைந்ததா? தெரியாது. தெரியவே போவதில்லை. வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மழை. போனை சார்ஜில் போட்டு அதன் பக்கத்திலேயே. 3.10க்கு ஒரு அழைப்பு. கிரெடிட் கார்டு வேண்டுமா. 5.00. 5.20. ஐந்தரைக்கு நானே போன் செய்தேன். பன்னிரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்களாம்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா கதவைத் தட்டவில்லை, தண்ணீர் வீணாகிறது என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அனஸ்தீசியா டெக்னாலஜியில் சேர்ந்தாயிற்று. அப்பா கூட வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வகுப்பு அடுத்த வாரம்.

சாயங்காலம் அம்மா வந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக அவளே பேச்சை ஆரம்பித்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் ரிசல்ட் கேட்டாராம். "கெடைக்கலேன்னு சொன்னேன். நீ போய் உண்மையச் சொன்னதையும் சொன்னேன்." சிஸ்டர் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. "அங்க படிச்சிட்டே நீட்டும் எழுது. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அடுத்த தடவை அந்த மாதிரி அறைக்குப் போனால் எங்கேம்மா உட்காரட்டும் என்று கேட்டேன். கிண்டலாகத்தான்.

அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா உள்ள வந்தாங்களே. அவங்கள உக்காருங்கன்னு சொன்னியா நீ?"

யோசித்தேன். இல்லை. அவர் நின்றார், மூலையைப் பார்த்தார், அவராகப் போய் உட்கார்ந்தார். மூலையில் இருந்த இரண்டு பேரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். மேடமும் கேட்கவில்லை.

"எங்க வேணா உக்காரு. சேர்லயே உக்காரு. வர்றவங்கள உக்காருன்னு சொல்லு. பதினெட்டு வருஷம் ஆச்சு ஜெனி, ஒரு டாக்டரும் என்ன உக்காருன்னு சொன்னதில்ல."

பையைக்கூடக் கீழே வைக்காமல், கதவோரம் நின்றபடி சொன்னாள். உட்காரும்மா என்றேன்.

"பால் வெக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.