முதல் வரியில் எழுதுங்கோ

உ

வென்ட்வேர்த்வில்
3 மார்ச் 2024

என்ர செல்ல மகள் ராகவிக்கு,

இஞ்ச நானும் பக்கத்து வீட்டுப் பவளமும் பவளத்தின்ர கறிவேப்பிலை மரமும் சுகம். நீ ஸ்பிரிங்வேலில அந்தச் சின்ன யூனிற்றில சாப்பிட்டியோ, நேரத்துக்குப் படுத்தியோ எண்டுதான் எனக்கு யோசனை.

ரெலிபோன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுறா எண்டு சிரிக்காதை. நான் கதைக்கக் கதைக்க நீ கோப்பை கழுவுவாய், கதவைத் திறந்து ஆருக்கோ ஹாய் சொல்லுவாய், கடைசியில "என்னம்மா சொன்னனீங்கள்?" எண்டு கேப்பாய். நான் என்ன றேடியோவே? கடிதம் எண்டால் கையில கிடக்கும். ஒரு நாளைக்கெண்டாலும் வாசிப்பாய்.

போன மாசம் அப்பாவின்ர திவசத்துக்கு வாறன் எண்டு சொன்னனி. ஐயர் வந்தார், படையல் வைச்சம், சோறும் ஆறிப்போச்சு. உன்னைக் காணேல்லை. கேட்டால் நாளை மாறி நினைச்சுப்போட்டன் எண்டாய். எடி, பெத்த தேப்பன்ர நாள்! ஆக்கள் கேட்டதுக்கு உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிச் சமாளிச்சன். இப்ப வேலையிலயும் எச்சரிக்கைக் கடிதம் தந்திட்டினம் எண்டு சொல்லுறாய். இது மூண்டாவது வேலையெல்லே, பிள்ளை? கொஞ்சம் கவனமா இருக்கப்படாதோ?

கனடா மாப்பிள்ளைப் பகுதி உன்ர சாதகத்தை இன்னும் திருப்பி அனுப்பேல்லை. அது நல்லதுக்குத்தான் எண்டு பவளம் சொல்லுறாள். உனக்கு முப்பத்திமூண்டு நடக்குது, அதையும் ஞாபகம் வைச்சிரு.

முடிக்க முதல் இன்னொண்டு. மார்பைப் படம் எடுக்கப் போனனானெல்லே, திரும்ப வரச்சொல்லியிருக்கினம். இடப்பக்கத்தில என்னவோ தெரியுதாம். ஒண்டுமிராது. உனக்கும் ஒரு சொல்லுச் சொல்லி வைப்பம் எண்டு எழுதினனான்.

உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கிற,
அம்மா

---

ஸ்பிரிங்வேல்
17 மார்ச்

அம்மா,

கடிதம் கிடைச்சுது. கோவிக்காதேங்கோ, முக்கியமான விசயம் ஏதும் எண்டால் முதல் வரியில எழுதுங்கோ. நீங்கள் கறிவேப்பிலையில தொடங்குறியள். நான் திவசம் வரைக்கும் வாசிச்சன், அழுகை வந்திட்டுது, தண்ணி குடிக்க எழும்பினன். பிறகு கடிதத்தை எங்க வைச்சன் எண்டு தெரியேல்லை.

இப்ப நான் முதல் வரியில சொல்ல வேண்டியதைச் சொல்லுறன்: எனக்கு ஏடிஎச்டி இருக்கெண்டு நினைக்கிறன்.

கவனம் ஒண்டில நிக்காத குறைபாடு அது; விசர் இல்லை அம்மா, பயப்படாதேங்கோ. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. ஒரு அறைக்குள்ள பத்து ரீவி ஒரேயடியா ஓடினால் எப்பிடி இருக்கும்? என்ர தலை காலமை எழும்பினதில இருந்து அப்பிடித்தான். அப்பாவின்ர திவசத்தை நான் மதிக்காமல் விடேல்லை. கலண்டரில எழுதி, ஃபோனில அலாரமும் வைச்சனான். அலாரம் அடிக்க நிப்பாட்டிப்போட்டு வேறை ஏதோ செய்யப் போயிட்டன். அண்டைக்குப் பின்னேரம் குசினிக்குள்ள இருந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இஞ்ச நேரில டொக்டரைப் பாக்கிறதெண்டால் அடுத்த வருசம்தான் இடமாம். அதால ஒன்லைனில ஒரு இடத்தில பதிஞ்சிட்டன். மனநல டொக்டர் வீடியோவில பாப்பார். அவர் எழுதித் தந்தால் மருந்துக் குளிசை எடுக்கலாம், ஒஃபிசிலயும் கொஞ்சம் பொறுப்பினம்.

ஒண்டுதான் சிக்கல். பன்னிரண்டு வயசுக்கு முதலே எனக்கு இது இருந்தது எண்டு காட்டவேணும். பள்ளிக்கூட றிப்போட் கேக்கினம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில அதெல்லாம் எங்க போச்சுதோ! என்னைச் சின்னனில கண்ட ஆள் நீங்கள் ஒராள்தான் மிச்சம். டொக்டர் உங்களோட வீடியோவில கதைப்பார், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருப்பா. நான் எப்பிடி இருந்தனான் எண்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்காதேங்கோ, ப்ளீஸ் அம்மா.

ராகவி

---

உ

வென்ட்வேர்த்வில்
9 ஏப்ரல்

அன்பு மகளுக்கு,

எல்லாம் வெற்றி! சும்மா சொல்லக்கூடாது, டொக்டர் நல்ல மனுசன். நான் அந்தக் கத்தரிப்பூப் பட்டுச்சேலை உடுத்து, பவளம் ரெலிபோனைப் பூச்சாடியில சாத்திவிட, கதிரையில நிமிர்ந்து இருந்தன்.

ஆனால் மொழிபெயர்க்க வந்தது எங்கட தமிழ்ப் பிள்ளை. முகம் காட்டேல்லை, குரல்தான். குரலைக் கேட்டால் நல்ல குடும்பம் மாதிரித்தான் கிடக்கு. ஆற்ற பிள்ளையோ, கனடாவில ஆர் ஆர் சொந்தமோ, ஆருக்குத் தெரியும்? வாய்க்கு ஆர் பூட்டுப் போடுறது? அதால நான் வலு கவனமாத்தான் பதில் சொன்னனான்.

பள்ளிக்கூடத்தில பொருள் துலைப்பாளோ எண்டு கேட்டார். ஒரு பென்சில் துலைச்சதில்லை எண்டன். சொன்ன இடத்தில இருப்பாளோ எண்டார். வைச்ச பிள்ளையார் மாதிரி இருப்பாள் எண்டன். மறதியோ எண்டார். தேவாரம் முழுக்கப் பாடமாச் சொல்லுவாள், வகுப்பில முதலாம் பிள்ளை, நல்லாச் சமைப்பாள், பெரியாக்களுக்கு மரியாதை எண்டு எல்லாம் சொன்னன். அவரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். உனக்கு ஒரு குறையும் இல்லையெண்டு சேட்டிபிக்கற்றே தந்திடுவார், இருந்து பார்.

என்ர கதையையும் சொல்லவேணும். அந்த இடத்தில ஊசி குத்தி எடுத்துப் பாத்தவை. கூடாத கட்டியாம். வேளைக்கே கண்டுபிடிச்சபடியால் ஒப்பரேசன் செய்து எடுத்துவிடலாம், பயமில்லை எண்டு சொல்லிச்சினம். வீட்டில கூட நிக்க ஒராள் வேணுமாம். பவளம் நிக்கிறன் எண்டாள். எனக்கெண்டால், மயக்கம் தெளிஞ்சு கண் முழிக்கேக்க உன்ர முகம் தெரியவேணும். இதை ரெலிபோனில சொல்ல எனக்கு வாய் வரேல்லை. எப்ப வருவாய் எண்டு எழுது. உன்ர பதிலைப் பாத்துத்தான் நாள் சொல்லுவன் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டன்.

அம்மா

---

ஸ்பிரிங்வேல்
28 ஏப்ரல்

அம்மா,

டொக்டர் எனக்கு அது இல்லையெண்டு எழுதிப்போட்டார். "தாயாரின் கூற்றுப்படி சிறுவயதில் எந்த அறிகுறியும் இல்லை." அதுதான் அவர் தந்த சேட்டிபிக்கற். சந்தோசமோ?

உங்கட கடிதத்தைப் பட்டுச்சேலையில இருந்து சேட்டிபிக்கற் வரைக்கும் வாசிச்சன். அதுக்குமேல ஏலேல்லை. கசக்கி எறிஞ்சிட்டன். அவர் டொக்டர் அம்மா! பொம்பிளை பாக்க வந்த ஆள் இல்லை! மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குச் சொல்லுற மாதிரி முழுப் பொய்யையும் அடுக்கி வைச்சிருக்கிறியள். அந்த மொழிபெயர்ப்பாளர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது. அது சட்டம்.

பென்சில் துலைச்சதில்லையோ? ஒரு கால் செருப்போட வீட்ட வந்தது ஆர்? ரீச்சர் வகுப்பில வாங்குக்கு மேல ஏத்தி நிப்பாட்டினது ஆரை? "நீ ஏன் மற்றப் பிள்ளையள் மாதிரி இல்லை" எண்டு அழுதது ஆர்? எல்லாத்தையும் மறந்திட்டியளோ? மறதி எனக்கெண்டுதான் நினைச்சன்.

வேலை போயிட்டுது. நேற்றுத்தான். மேனேஜருக்குக் காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இருந்திருந்தால் என்னை வைச்சிருப்பாள்.

எனக்கு ரெலிபோன் எடுக்காதேங்கோ. நான் தூக்க மாட்டன். உங்களுக்கு என்னைவிடக் கனடாக்காரன்தான் பெரிசு.

ராகவி

---

உ

வென்ட்வேர்த்வில்
18 ஆகஸ்ட்

என்ர குஞ்சு,

ரெலிபோன் எடுக்காதேங்கோ எண்டுதான் எழுதினனி, கடிதம் எழுதாதேங்கோ எண்டு எழுதேல்லை. அதால எழுதுறன். இவ்வளவு நாளும் பேனையைத் தூக்கிறதும் வைக்கிறதுமா இருந்தன்.

கனடாப் பகுதியிட்டச் சாதகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி நானே கேட்டு எடுத்திட்டன். போகட்டும்.

உன்ர டொக்டருக்கு நான் கடிதம் எழுதி, பவளம் அதை இங்கிலிஸில எழுதி, நீ முதல் தந்த ஈமெயிலுக்கு அனுப்பியாச்சு. அதில எழுதினதை உனக்கும் சொல்லுறன். நான் சொன்னது பொய்தான். ஆனால் முழுப்பொய் எண்டு சொல்லாதை, பிள்ளை. நீ பென்சில் துலைக்கேல்லை எண்டு ரீச்சருக்குத் தெரிஞ்சது ஏனெண்டால், பள்ளிக்கூட வேலிக்கு வெளியால நான் இன்னொரு பென்சிலோட நிண்டனான். நீ விட்ட கொப்பியை எடுத்துக்கொண்டு உனக்குப் பின்னால சைக்கிளில வந்தனான். நீ படிக்கேக்க உன்ர பாவாடைக் கரையில நான் ஏறி இருந்தால்தான் நீ எழும்பி ஓடமாட்டாய். தேவாரத்தை நீ மாமரத்தைச் சுத்திச் சுத்தி ஓடிக்கொண்டு பாடமாக்க, நானும் பின்னால ஓடினனான். இதையெல்லாம் அப்பிடியே எழுதினன். இதுக்கொரு பேர் இருக்கெண்டு அப்ப ஆர் கண்டது? என்ர பிள்ளை எண்டுதான் எனக்குத் தெரியும்.

பெத்த பிள்ளையின்ர குறையை வீடியோவில வந்து சொல்லு எண்டால் எந்த வாயால சொல்லுறது, ராசாத்தி? சொன்னால்தான் உனக்கு மருந்து எண்டு எனக்கு விளங்கேல்லை. உன்னை நல்லவள் எண்டு சொன்னால் நல்லது நடக்கும் எண்டுதான் நினைச்சன்.

ஒப்பரேசனைப் பற்றி நீ ஒண்டும் எழுதேல்லை. கோவத்தில இருக்கிறாய், வேலையும் இல்லை, எனக்கு விளங்குது. ஆஸ்பத்திரியில இருந்து எத்தினையோ தரம் ரெலிபோன் எடுத்திட்டினம். மகளிட்டக் கேட்டிருக்கிறன், பொறுங்கோ எண்டு சொல்லுறன். பவளம் உனக்கு எடுக்கப் போனாள், நான் விடேல்லை. கேட்டு வாங்கிற அன்பு எனக்கு வேண்டாம். இப்ப முதுகும் நோகுது. அது வயசுக்கு.

அம்மா

---

ஸ்பிரிங்வேல்
13 ஒக்ரோபர்

அம்மா, நான் வாசிக்கேல்லை.

அதைத்தான் முதல் வரியில எழுதவேணும். நீங்கள் எழுதினதை நான் கடைசிவரைக்கும் வாசிக்கேல்லை. ஒரு கடிதத்தையும்.

டொக்டர் உங்கட கடிதத்தைப் பாத்திட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "இப்படி ஒரு தாய் பின்னால் நின்றால் எந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்?" எண்டு கேட்டார். ஏடிஎச்டிதான் எண்டு எழுதித் தந்தார். பிறஷர் பாத்து, நேற்றுக் குளிசை தொடங்கினன்.

காலமை குளிசையைப் போட்டிட்டு இருந்தன். கொஞ்ச நேரத்தில அந்தப் பத்து ரீவியும் ஒவ்வொண்டா நிண்டுது. அம்மா, மற்ற ஆக்கள் எல்லாரும் இப்பிடியே இருக்கினம்? இவ்வளவு அமைதியோ இந்த உலகம்? அழுதிட்டன். உடன உங்கட ஞாபகம்தான் வந்தது. உங்கட கடிதங்களைத் தேடினன். ஒண்டு காருக்குள்ள, ஒண்டு ஃப்ரிட்ஜுக்கு மேல. கசக்கி எறிஞ்சது கட்டிலுக்கு அடியில கிடந்தது. மேசையில வைச்சு நீவி, முதலாவதில இருந்து வாசிச்சன். கறிவேப்பிலையில இருந்து கடைசிவரை, எழும்பாமல்.

முடிக்க முதல் இன்னொண்டு எண்டு எழுதியிருந்தியள்.

கடைசிக் கடிதத்தைக்கூட மாமரத்தோட நிப்பாட்டி, அழுது, பத்திரமா வைச்சிட்டுப் போயிட்டன் அம்மா. நான் வரமாட்டன் எண்டு நினைச்சிருக்கிறியள். பதில் சொல்ல மனமில்லை எண்டு நினைச்சிருக்கிறியள். ஐயோ, எனக்குத் தெரியாது அம்மா! தெரிஞ்சிருந்தால் நடந்தெண்டாலும் வந்திருப்பன்.

வாசிச்ச உடன ரெலிபோன் எடுக்க, "ஒண்டுமில்லை, அழாதை" எண்டியள். டொக்டர் என்ன சொன்னவர் எண்டு கேட்டதுக்கு, "வாயால சொல்ல மாட்டன், எழுதுறன், வாசிச்சிட்டு வா" எண்டு வைச்சிட்டியள். ரிக்கெற் எடுத்திட்டன். கடிதம் வந்த உடன வெளிக்கிடுவன். உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. எனக்கு முதல் வரியில எழுதுங்கோ.

உங்கட
ராகவி

---

வென்ட்வேர்த்வில்
16 ஒக்ரோபர்

மகள், எனக்கு இனிச் சுகம் வராது.

நீ கேட்டபடி முதல் வரியில எழுதிப்போட்டன். இப்பிடி ஒரு சொல்லுக்கு மேல பிள்ளையார் சுழி போடக்கூடாது எண்டு அதைக் கீழ இறக்கியிருக்கிறன்.

முதுகு நோ வயசுக்கு வந்ததில்லை. எலும்புக்கும் ஈரலுக்கும் போயிட்டுதாம். இனி வெட்டிப் பிரயோசனமில்லை, நோவுக்குத்தான் மருந்து. சித்திரையில செய்திருந்தால் தப்பியிருப்பனோ எண்டு டொக்டரிட்டக் கேட்டன். அநேகமா ஓம் எண்டார். உன்ர டொக்டருக்குப் பொய் சொல்லி ஒருக்கால் பட்டது காணும், உனக்கும் சொல்ல மாட்டன். உன்ர பதில் வரும் எண்டு நான் ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பாத்தனான். எனக்குக் கோவமும் வந்தது. பெத்து வளர்த்து என்ன கண்டன் எண்டு பவளத்துக்கு முன்னால வாய்விட்டு அழுதனான்.

இப்பதான் விளங்குது. உனக்குப் பின்னால பென்சிலோட ஓடித் திரிஞ்ச எனக்கு, நீ கடிதத்தைப் பாதியில விட்டிட்டு எழும்பிப் போவாய் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். உலகத்தில வேறை ஆருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரோசத்தில இருந்திட்டன். அதால நீ ஒராளாச் சுமக்காதை. பாதி என்ர.

வரேக்க மெல்லிசா ஒரு கம்பளிச்சட்டை கொண்டு வா, எனக்குக் குளிருது. பவளம் உனக்குப் புட்டு அவிச்சு வைக்கிறாளாம். காலமை குளிசையைப் போட்டிட்டு வெளிக்கிடு. பிளேனை விட்டிடாதை, பிள்ளை, இந்த முறை விட்டிடாதை.

அம்மா

உ

பின்பக்கத்தில ஒண்டும் எழுதேல்லை. தேடாதை.