கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் போன கலியாணம்

என் மஞ்சள் சட்டைக்காரி நிஸ்மியாவுக்கு, ராத்தாவின் சலாம்.

நீ போன இடத்தில் காற்று எப்படி? இங்கே கற்பிட்டியில் காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. தலையில் போட்ட முந்தானை தலையில் நிற்கமாட்டேன் என்கிறது. உன் மகன் கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கோல் எடுக்கிறான். உடம்பு வைத்துவிட்டது. "பெரியம்மா, நானும் உங்கள மாதிரி வந்துட்டன்" என்று என்னையே பகிடி பண்ணுகிறான். வாய் உன்னுடையது இல்லை, என்னுடையது. வளர்ப்பு அப்படி.

நல்ல செய்தியை எதற்கு முதலில் வைத்தேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். மீன் விற்கிறவள் நல்ல மீனை மேலே வைப்பது போலத்தான். கீழே கிடப்பது இது: உனக்குத் தந்த வாக்கை நான் மீறிவிட்டேன். அந்தக் கோழிக் கதையை உன் உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கோபப்படு. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

எல்லாம் ஒரு நாவலால் வந்த வினை. உனக்குச் சிரிப்பு வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொன்ன ரம்சியாவுக்கும் நாவலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். நான் வாசிக்கவில்லை, கேட்டேன். வாசிகசாலையில் வேலை செய்யும் பஸ்லா என்ற பிள்ளை பின்னேரங்களில் எங்கள் வெங்காயக் கொட்டிலுக்கு வந்து புத்தகம் வாசிக்கிறாள். நாங்கள் வெங்காயத்தின் வேரையும் தாளையும் வெட்டிக்கொண்டே கேட்கிறோம். யார் கதைக்கு அழுகிறார்கள், யார் வெங்காயத்துக்கு அழுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அழுவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது?

அந்த நாவல் சண்டைக் காலத்துக் கதை. வடக்கில் ஒரு சின்னப் பிள்ளை, ஏழு வயது. விமானம் வருவது தன்னுடைய புதுச் சட்டையைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறது. வீட்டில் எல்லாரும் பதுங்கு குழிக்கு ஓடும்போது அது முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கையைக் காட்டுகிறது. அந்த இடத்தில் கொட்டிலில் ஒரு கத்தியும் அசையவில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கதை. வெடிச் சத்தத்தைப் பெருநாள் வெடி என்று நினைத்த பிள்ளை, முகாமுக்கு வந்ததைச் சுற்றுலா என்று நினைத்த பிள்ளை. அப்புறம் எல்லாரும் உன் உம்மாவின் பக்கம் திரும்பினார்கள். எங்கள் எல்லாருக்கும் அவர் மாமி. மாமியின் கதை வராமல் எங்கள் கொட்டிலில் எந்தக் கதையும் முடியாது.

மாமி எப்படிச் சொல்வார் என்று உனக்குத் தெரியும். ஒரு சொல் மாறாது. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரை விட்டு எல்லா முஸ்லிம்களும் போகவேண்டும் என்று இயக்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னது. உன்னை எழுப்பிப் பெருநாளுக்குத் தைத்த மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டு, "கற்பிட்டியில கலியாணம், போறோம்" என்று சொன்னது. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இயக்கப் பொடியன்கள் பையை, மடியை, காதை எல்லாம் சோதித்தது. வள்ளம் கற்பிட்டிக் கரையில் தட்டியதும் நீ இறங்கி, அழுதுகொண்டு நின்ற சனத்தைப் பார்த்து, "கலியாண வூடு எங்க?" என்று கேட்டது. இந்த இடம் வந்ததும் கொட்டிலே சேர்ந்து சொல்லும்: "கலியாண வூடு எங்க?"

அதற்குப் பதில் சொன்னவள் நான். வாப்பாவின் வலைக்குப் பக்கத்தில் நின்ற ஒன்பது வயது வாயாடி. "ஓம், எங்கட வூட்டுலதான். மாப்புளதான் இன்னும் வரல்ல." உன் உம்மா கடல் தண்ணீரில் நின்றபடியே சிரித்துவிட்டார். அன்றையிலிருந்து நீ என் தங்கச்சி, நான் உன் ராத்தா.

கதையின் கடைசியில் மாமி எப்போதும் ஒன்று சொல்வார். "எல்லாத்தையும் பறிச்சாங்க. என் புள்ளட சின்ன வயச மட்டும் ஒளிச்சுக் கொண்டு வந்துட்டன். அத அவங்களால கண்டுபுடிக்க ஏலாமப் போச்சு."

வீடு போனது, தோட்டம் போனது, முகாமின் ஓலைக் குடிசையில் உன் வாப்பா, எங்கள் மாமா, அவரும் போனார், பிறகு நீயும் போனாய். அந்த ஒன்றைத்தான் மாமி இவ்வளவு காலமும் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார். அதனால்தானே நீ என்னிடம் வாக்கு வாங்கினாய்?

அன்றைக்குப் பஸ்லா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். படித்த பிள்ளை, சும்மா இருக்குமா?

"எனக்கு இந்தக் கதை நம்பக் கஷ்டமா இரிக்கி" என்றாள். "ஏழு வயசுப் புள்ளைக்கு எல்லாம் வெளங்கும். சின்னப் புள்ளைகளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு பெரியாக்கள் தங்கட ஆறுதலுக்கு எழுதிக்கொள்றாங்க."

மாமியின் கை நின்றது. "அப்ப நான் பொய்யா சொல்றன்?"

"இல்ல மாமி, நான் நாவலத்தான் சொன்னன்."

"நாவல் கெடக்கட்டும். என் புள்ளக்கித் தெரியுமா, தெரியாதா? ரம்சியா, நீதானே கரையில நிண்ட. சொல்லு இவளுக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். "அண்டைக்கி எனக்கு அந்த மஞ்சள் சட்டையிலதான் மாமி கண்ணு. எப்படிக் கழட்டி எடுக்கிற எண்டு பாத்துட்டு நிண்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. உன் உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பகிடிக்கு எப்போதும் முதலில் சிரிப்பவர் அவர். நான் எதையாவது மூடும்போதுதான் அப்படிப் பேசுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பகிடி வேணாம். வல்லாஹி எண்டு சொல்லிச் சொல்லு."

பஸ்லா பயந்துபோய்ப் புத்தகத்தை மூடினாள். "விடுங்க மாமி, கதைதானே."

"அது கதை. இது என் புள்ள. நீ சொல்லு ரம்சியா."

நிஸ்மியா, நான் என்ன செய்ய? ஒரு பக்கம் நீ. ஏழு வயதில் பள்ளிவாசலுக்குப் பின்னால் என் சுண்டுவிரலைப் பிடித்து வாங்கிய சத்தியம். போதாததற்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க, "ராத்தா, கோழிக் கத என்னோட கபுறுக்குள்ள போகட்டும்" என்று மறுபடியும் வாங்கினாய். இன்னொரு பக்கம் அல்லாஹ்வின் பெயர். பொய்யாக அதை எப்படி வாயில் எடுப்பது? பேசாமல் இருந்திருக்கலாம் என்பாய். நான் பேசாமல் இருந்தால் அதுவே பதில் என்று அந்தக் கொட்டிலில் யாருக்குத் தெரியாது?

"தெரியும் மாமி" என்றேன். "அவளுக்குத் தெரியும்."

"பொய்."

"வல்லாஹி. விடியக்காலம் நீங்க பின்னால போயிக் கோழிக்கூட்டத் தொறந்து உட்டீங்களாம். அவ யன்னலால பாத்துட்டு நிண்டாளாம். 'கலியாணத்துக்குப் போறவங்க கோழியப் பூட்டிட்டுத்தானே போவாங்க ராத்தா'ண்டு என்னட்டக் கேட்டா. திரும்பி வாறல்ல எண்டு அவளுக்கு அப்பவே வெளங்கிட்டு."

கூட்டைத் திறந்ததை மாமி ஒருவருக்கும் சொன்னதில்லை. அவருடைய கதையில் கோழியே வராது.

"அப்ப... ஏன் கலியாண வூடு எங்க எண்டு கேட்டா?"

"நீங்க அழப் போறீங்க எண்டு நெனச்சாளாம்."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். மடியில் இருந்த தோலை உதறினார். எழுந்து போய்விட்டார். செருப்பைக்கூடப் போடவில்லை. கொட்டில் சொந்தக்காரி கபீரா ராத்தா என்னைப் பார்த்து, "ஒனக்கு அந்த வாயக் கட்டி வெக்க ஏலாதா புள்ள?" என்றாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கதவு மூடியிருந்தது.

அதற்குப் பிறகு மாமி கொட்டிலுக்கு வரவில்லை. நான் சோற்றுக்கு மீன் ஆணம் கொண்டுபோனால் உள்ளே இருந்து "வெச்சிட்டுப் போ" என்று சத்தம் வரும். முதல் நாள் வைத்த சட்டி கழுவாமல், தொடாமல் வாசலில் அப்படியே இருக்கும். உன் மகன் கோல் எடுத்தபோது, "உம்மம்மா ஏன் பெரியம்மா கதைக்கிறாங்கல்ல?" என்று கேட்டான். காற்று, தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். இப்படித்தான் எங்களுக்குப் பொய் சொல்ல வருகிறது பார், பிள்ளைகளுக்கு.

நான் அந்த நாட்களில் ஒரு பகிடியும் விடவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துத் தந்தார். எனக்குத் தலைக்குள் ஒன்றுதான் ஓடியது: பொடியன்கள் சோதித்தும் கிடைக்காததை நான் எடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இவ்வளவு காலமும் உனக்குப் பாரமாக இல்லையா? மாமி கதை சொல்லும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருந்து, வெட்கப்படுவது போல் முகத்தை மூடிக்கொள்வாயே, அந்தக் கைக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தாய்?

பிறகு ஒரு நாள் காலையில், நான் முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும்போது, மாமி வந்தார். கையில் என் சட்டிகள் எல்லாம் கழுவி அடுக்கி இருந்தன. கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தச் சொன்னேன், குந்தவில்லை.

"வேற என்ன சொன்னா?"

"என்ன மாமி?"

"என் புள்ள ஒன்னட்ட வேற என்ன சொன்னா? எல்லாத்தையும் சொல்லு. ஒளிக்காத."

சொன்னேன். வள்ளத்தில் நீ தூங்கவில்லை என்று சொன்னேன். மாமி ஓதிக்கொண்டு வந்ததையும், நடுக்கடலில் மாமா குனிந்து அழுததையும், அப்போது மாமி தன் முந்தானையால் உன் முகத்தை மூடியதையும் சொன்னேன். முந்தானைக்குள் நீ கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாய் என்று சொன்னேன்.

"முழிச்சிட்டா இருந்தா?"

"ஓம் மாமி."

"கரை வருமட்டும்?"

"கரை வருமட்டும்."

மாமி குந்திவிட்டார். கதிரையில் இல்லை, நான் கூட்டி வைத்த குப்பைக்குப் பக்கத்தில் வெறும் மணலில். நான் துடைப்பத்தைக் கீழே போடவும் பயந்து நின்றேன்.

"அந்த வள்ளத்துல ஒங்கட மாமாவுக்கும் நான்தான் ஆறுதல் சொன்னன், புள்ளக்கும் நான்தான் கத சொன்னன். எனக்கு ஒருத்தரும் இல்ல எண்டு நெனச்சு நெனச்சுத்தான் இவ்வளவு காலமும்..." சொல்லி முடிக்கவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் தனிய வரல்ல, ரம்சியா."

அங்கே வெங்காயம் இல்லை. அவர் அழுததற்கு வேறு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. நிஸ்மியா, உன் உம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உன் மையத்து போனபோதுகூட அழவில்லையே.

அன்று பின்னேரம் மாமி கொட்டிலுக்கு வந்தார். பஸ்லா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கப் போனாள். மாமி விடவில்லை. "இரு மகள். அந்தக் கதைய முதல்ல இருந்து வாசி. அந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும் எண்டு நெனச்சிட்டு வாசி."

பஸ்லா வாசித்தாள். விமானம் வரும் இடம் வந்தது. பிள்ளை முற்றத்தில் நின்று கையைக் காட்டும் இடம்.

"மெதுவா. கையக் காட்டக்குள்ள அது உம்மாட மொகத்தப் பாக்குதா எண்டு பாரு."

பஸ்லா விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள். பிறகு அவளுடைய குரல் மாறிவிட்டது. "இரிக்கி மாமி. 'பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தது' எண்டு இரிக்கி. முதல் வாசிக்கக்குள்ள நான் கவனிக்கல்ல."

நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. எழுதியவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

நாவலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து எழுதித் தரச் சொல்லிப் பஸ்லா கேட்டாள், வாசிகசாலைக் கையெழுத்து இதழில் போட. கருத்து எழுத எனக்குத் தெரியாது, என் தங்கச்சிக்குக் கடிதம்தான் எழுதுவேன் என்றேன். பஸ்லா எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறாள். ஊரே வாசிக்கும், போடட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். "போடு, கோழியையும் சேத்துப் போடு" என்றார்.

வாக்கை உடைத்தவள் இன்னொரு வாக்குத் தருகிறாள் என்று சிரிக்காதே. புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரைக்கும், அதற்குப் பிறகும், உன் உம்மாவின் பக்கத்தில் நான் இருப்பேன். அவர் அழும்போது பகிடி விடமாட்டேன். நீயும் நானும் சேர்ந்து அவரை அழவிடாமல் வைத்திருந்தது போதும். இனி அவர் ஆசைப்பட்ட நேரம் அழட்டும்.

மாப்பிள்ளை இன்னும் வந்து சேராத அந்தக் கலியாண வீட்டிலிருந்து,
உன் ராத்தா,
ரம்சியா