பின்கதவுச் சாவி

அக்கா,

"தீப்பிடித்தால் பின்கதவைத் திறக்க எவ்வளவு நேரமாகும்?" என்று தீயணைப்பு அதிகாரி போன மாதம் நம் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்தபோது என்னைத்தான் கேட்டார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். "அரை நிமிஷம் சார்" என்று நீ முந்திக்கொண்டாய்.

இன்று ஒத்திகைக்கு விசில் ஊதினேன். ஒன்பது பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்தபடி அழகாக வந்து நின்றார்கள். கதவிலோ, வாலு ஓடிவிடுவான் என்று நீ போட்ட பூட்டு. சாவி உன் கைப்பையோடு கடைத்தெருவில்! "நெருப்பைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க அத்தே" என்கிறான் அவன்.

பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. பூட்டை உடைக்க ஆள் கூப்பிடப் போகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

பி.கு. வாலுவின் அம்மா சீக்கிரமே வந்து, எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். மாற்றுத்துணி, பாட்டில், அவன் குட்டித் தலையணைவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.