செத்துவிட்டது என்று நான் தோண்டிய பனை

ரூசே, மார்ச் 27

அன்பு மகள் இஸ்க்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. கனடாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இருமல் விட்டதா என்று அம்மாவிடம் கேட்டால், உன்னையே கேட்கச் சொல்கிறாள். நான் கூப்பிட்டால் நீ போனை எடுக்கமாட்டாய் என்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், கிழித்துப் போடுவதற்குமுன் முழுவதும் படித்துவிடு.

உன் பனை உயிரோடு இருக்கிறது. பதினான்கு வயதில் நம் கட்டடத்து வாசலில் நீ நட்ட அதே விசிறிப் பனைதான். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கொடும்பனியில் ஓலையெல்லாம் கருகி, இழுத்ததும் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. செத்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, நீ சோபியாவில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் தோண்டிக் குப்பைத்தொட்டி ஓரம் போட்டேனே, அதுவேதான். வெறும் குழியைப் பார்த்த அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், விமானம் ஏறும்போதும் என்னிடம் பேசவில்லை.

போன மாதம் சந்தையில் ஊறுகாய் விற்கும் ரத்கா, “துருஷ்பா பேட்டைப் பக்கம் ஒரு பனை நிக்குதாமே” என்றாள். முப்பது வருஷம் இந்த ஊரில் டிராலிபஸ் ஓட்டியவன் கண்ணுக்குத் தப்பிய பனையா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் அகப்பட்டது மீன் வறுக்கும் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பனை. நான் தடவிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரன், “தாத்தா, அப்படியே கொஞ்சம் தண்ணியும் ஊத்திட்டுப் போங்க” என்று சிரித்தான். அடுத்த வாரம் இன்னொரு தெருவில் தாழை மாதிரி ஏதோ முள்செடி. மூன்றாவதாக, டயர் கடை ஒன்றின் பின்முற்றத்தில், கோணியும் பழைய போர்வையும் சுற்றிக்கொண்டு நின்றது. கடைக்காரரின் மனைவி ஷெஃபிகா நல்ல வாயாடி. குப்பையிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றி வந்தது அவள்தானாம். உன் மரம்தானா என்று போர்வையை விலக்கி, அடிமரத்து நாரைப் பிரித்துப் பார்த்தேன். மார்ச் முதல் நாள் கையில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை ஊரெல்லாம் பூத்த பிளம் மரத்தில் அவிழ்த்துக் கட்டும்போது, நீ மட்டும் வீம்புக்குப் பனையில் கட்டுவாயே, “பூக்காத மரத்துல கட்டுறவளுக்குக் கல்யாணமே ஆகாதுடி” என்று அம்மா திட்டுவாளே, அந்த நூல்களில் ஐந்து, நாருக்குள் வெளுத்துப்போய் இருந்தன. ஒன்றில் நீ கோத்த நீலமணி. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஷெஃபிகா டயர் துடைக்கும் துணியைக் கொடுத்தாள், முகமெல்லாம் கரி.

மரத்தைத் திருப்பிக் கேட்டேன். “செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டது நீங்க. நான் ஒண்ணும் பெரிசா பண்ணலை, ஜூன் மாசம் புதுக்குருத்து விடுற வரைக்கும் சும்மா இருந்தேன். உங்களால அதுகூட முடியலையே” என்றாள். முடியவில்லைதான். அவசரப்பட்டுவிட்டேன் மகளே. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காததோடு, மூன்று வருஷம் வீம்பாகவும் இருந்துவிட்டேன். அப்பாவை மன்னித்துவிடு.

மரம் அங்கேயே இருக்கட்டும், மறுபடி வேரை அறுத்தால் தாங்காது. திங்கட்கிழமைதோறும் போய்ப் பார்த்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கழுத்தில் கம்பளித்துண்டு சுற்றாமல் குளிரில் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

ஒன்று மறக்காதே. போர்வையை இப்போதே அவிழ்க்கலாம் என்கிறேன் நான், இன்னும் ஒரு உறைபனி பாக்கி இருக்கிறது என்கிறாள் ஷெஃபிகா. வாதாடி அலுத்து, “நட்ட பொண்ணையே கேளுங்க” என்று சொல்லிவிட்டாள். எப்போது அவிழ்ப்பது? அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல். நீ சொல்லும்வரை நான் அதில் கைவைக்கமாட்டேன்.

உன் அப்பா
பெங்கோ